இன்றைக்கு எந்தத் தண்ணீர்?

துண்டுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் முதுகைத் துடைத்தபடியே, "இன்னாம்மா இது, அப்பளம் மாதிரி கீது?" என்றார். வாங்கிப் பார்த்தேன். மடித்தால் மடங்காமல் விறைத்து நின்றது. முகர்ந்தால் மேலே மல்லிகை வாசனை, அதற்கு அடியில் ஊறப்போட்டு மறந்துபோன துணியின் வாடை. முந்தின நாள்தான் துவைத்திருந்தேன். அதுவும் பவுடரைத் தாராளமாகப் போட்டு.

இது 2022 கோடையில் நடந்தது. அதற்குப் பிறகு நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே குறைதான். எல்லோரும் செய்யும் வைத்தியமும் ஒன்றுதான்: இன்னும் ஒரு பிடி பவுடர்.

நாங்கள் வட சென்னையில், தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்குக் காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் வேலை. டீசல், கிரீஸ், உப்புத் தண்ணீர், மீன் ரத்தம் எல்லாம் ஒரே சட்டையில் வீட்டுக்கு வந்துசேரும். பையன் அப்போது மூன்றாம் வகுப்பு, வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம். அத்தை தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர், அவருடைய தலையணை உறையைத் தனியாக அடையாளம் சொல்லலாம். நான் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்த நாலு பேருடைய அழுக்கையும் சுமக்கத்தான் 2021-இல் தவணையில் 7 கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின் வாங்கினோம்.

மெஷினோடு வந்த பவுடர் தீர்ந்ததும், அதுவரை கையால் துவைக்கப் பயன்படுத்திய பவுடரையே போட ஆரம்பித்தேன். அரை டம்ளர். வாடை வந்தபோது முக்கால் டம்ளர். அப்போதும் போகவில்லை என்று கம்ஃபர்ட் மாதிரியான வாசனைத் திரவத்தை இரண்டு மூடி ஊற்றினேன். அந்த நாட்களில்தான் பையன் கழுத்தையும் இடுப்பையும் சொறிந்துகொண்டே இருந்தான். தோல் டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "துணியில சோப்பு நல்லா போகுதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு சோப்பு போட்டுத் துவைக்கிறேன், என்ன கேள்வி இது என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுடர் போடும் டிராயர் வழியாக நுரை பொங்கி வழிந்து, தரையெல்லாம் ஓடி, வாசல்படி வரைக்கும் போனது. மெஷின் பாதியில் நின்றுவிட்டது.

சர்வீஸுக்கு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "அக்கா, துவைச்சுக் காஞ்ச துண்டு ரெண்டு குடுங்க" என்றார். துண்டை டிரம்மில் போட்டார். பவுடர் எதுவும் போடாமல் 60 டிகிரி வைத்து ஓட்டிவிட்டு, ஒரு டீ குடித்தார். கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் கதவைப் பார்க்கச் சொன்னார். பாதிக் கண்ணாடி வரை நுரை! சோப்பே போடாத தண்ணீரில் அவ்வளவு நுரை. அதெல்லாம் நான் போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் போட்டு, அலசிப் போகாமல் துண்டுக்குள்ளேயே தங்கியிருந்த பவுடர். பையனின் சட்டைக் காலரிலும் அதுதான் இருந்திருக்கும். டாக்டரின் கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சந்தேகம் இருப்பவர்கள் இதே சோதனையைச் செய்து பாருங்கள். ஃப்ரன்ட் லோடு என்றால் கண்ணாடி வழியாகவே தெரியும். மெஷின் இல்லாதவர்கள் காய்ந்த துண்டை வெந்நீர் வாளியில் போட்டு நன்றாகக் கசக்கிப் பார்த்தால் போதும்.

நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே மனதில் பதிந்திருக்கிறது. ஃப்ரன்ட் லோடு மெஷின் வேலை செய்யும் விதமே வேறு. கொஞ்சம் தண்ணீர்தான் எடுக்கும். டிரம் சுற்றும்போது துணி மேலே போய், அங்கிருந்து விழுந்து அடிபடும். படித்துறைக் கல்லில் அடிக்கும் அதே அடிதான். டிரம் முழுக்க நுரை நின்றால் துணி மெத்தையில் விழுவது போல விழும், அடி கிடைக்காது. தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்கும் நுரையைத் தள்ளத் தெரியாது. பல மெஷின்கள் நுரை அதிகம் என்று கண்டுகொண்டால் தானாகவே இன்னும் ஒரு அலசல் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் ஃப்ரன்ட் லோடுக்கென்று நுரை குறைந்த பவுடர் தனியாக விற்கிறார்கள். அது ஏதோ விலை ஏற்றும் தந்திரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. கைப்பவுடரை அந்த மெஷினில் போடவே கூடாது.

ஒரு அலசல் கூடுகிறது என்றால் நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு கிடந்தபோது விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு லாரிக்கு நின்றிருக்கிறேன். ஒரு அலசலுக்குக் குறைந்தது ஒரு குடம் தண்ணீராவது போகும். அன்றைக்கு ஒரு குடத்துக்கு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சரி, தம்பி சொன்னபடி மெஷின் பவுடருக்கு மாறினேன். பயந்துபோய் அளவை ரொம்பவே குறைத்தும் விட்டேன். இரண்டு வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் பையன் சட்டை மங்கலாக, சாம்பல் பூசினாற்போல வந்தது. அதே பவுடர், அதே அளவு, அதே மெஷின். எது மாறியது?

தண்ணீர் மாறியிருந்தது.

எங்கள் வீட்டுச் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீர் விழும். அது போதாத நாளில் கீழ்வீட்டு ஓனர் அம்மா போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டாரைப் போடுவார். இரண்டும் ஒரே மாடித் தொட்டிக்குத்தான் போகும். கோடையில் சில நாள் லாரித் தண்ணீரும் அதில் சேரும். குழாயைத் திறக்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது, துணிக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் சோப்பைக் கெடுப்பது நாக்கில் கரிக்கும் உப்பு இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான். அதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். பவுடரில் ஒரு பங்கு அழுக்கை எடுக்கும், இன்னொரு பங்கு இந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வேலையைச் செய்யும். தண்ணீர் கடினமாக இருந்தால் பவுடரில் பாதி அந்தச் சண்டையிலேயே தீர்ந்துவிடுகிறது. அழுக்குக்கு ஆள் இல்லை. கழன்ற அழுக்கும் துணியிலேயே திரும்பி உட்கார்ந்துகொள்கிறது. பையன் சட்டையில் நான் பார்த்த சாம்பல் நிறம் அதுதான்.

கேன் தண்ணீர்க் கடைக்காரர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கிப் பார்த்தால் போதுமே என்று சிலர் சொன்னார்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. எனக்கு வழி கிடைத்தது கொளத்தூரில். பையனுக்கு வண்ண மீன் வாங்கப் போனோம். அங்கே வரிசையாக மீன் கடைகள், சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன் தொட்டிக்காரர்கள் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கச் சொட்டு மருந்து ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, நிறம் மாறும் வரை ஒவ்வொரு சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கடினத்தன்மை. மீனோடு அதையும் வாங்கிவந்தேன்.

மெட்ரோ வாட்டர் எட்டுச் சொட்டில் நிறம் மாறியது, கிட்டத்தட்ட 143. லாரித் தண்ணீர் பதினான்கு, அதாவது 250. போர் தண்ணீருக்குச் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன், முப்பத்தொன்றில்தான் மாறியது. 555! குடிநீருக்கான இந்தியத் தரம் 200-க்குள் இருந்தால் நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் போர் அந்த ஓரத்தில் நின்றது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் அதே கடல் தண்ணீரை மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வரை நன்னீராக்கி வட சென்னைக்கு அனுப்பவும் செய்கிறார்கள். நிலத்தடியில் ஒரு தண்ணீர், குழாயில் ஒரு தண்ணீர் என்று வாழ்கிறோம். பவுடர் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் ஒரே அளவை நம்பிப் போட்டால் எப்படிச் சரியாக வரும்?

அன்றைக்கு ஒரு பழைய டீ கிளாஸை எடுத்து மார்க்கரால் இரண்டு கோடு போட்டேன். மேல் கோடு பாக்கெட்டில் சொன்ன முழு அளவு, அது போர் தண்ணீருக்கு. கீழ்க் கோடு அதில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு, அது மெட்ரோ வாட்டருக்கு. லாரித் தண்ணீர் என்றால் இரண்டுக்கும் நடுவில். துணி பாதி டிரம்தான் என்றால் அதற்கேற்பக் குறைப்பேன். டிரம்மை எப்போதும் அடைத்துத் திணிக்க மாட்டேன், மேலே ஒரு கை நுழைய இடம் இருக்க வேண்டும். துணிக்கு மேலிருந்து விழ இடம் வேண்டுமே.

சொட்டு மருந்து வாங்க முடியாதவர்கள் இரண்டு கண்ணாடி பாட்டிலில் இரண்டு தண்ணீரையும் சம அளவு எடுத்து, குளிக்கும் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நல்ல தண்ணீரில் நுரை நிற்கும். கடினத் தண்ணீரில் தயிர் திரிந்தாற்போல மேலே மிதக்கும். துணிப் பவுடரைப் போட்டுக் குலுக்கினால் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது, குளிக்கும் சோப்புதான் வேண்டும்.

இனி சூடு.

என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் வெளுத்தவர்கள். அந்தப் பேட்டைக்கே பெயர் அப்படித்தான் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். அப்பாவின் அம்மாவை ஆயா என்போம், கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். வெள்ளாவி வைப்பதைப் பற்றி நான் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்திருக்கிறேன். அழுக்குத் துணியை, அழுக்கை எடுக்கும் உவர்மண் கரைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடியில் தண்ணீர் கொதிக்கும் சாலின் (பெரிய பானையின்) மேல் வட்டமாக அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேக வைப்பார்கள். விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரிப்பார்கள். கரைத் துணியையும் பட்டையும் வெள்ளாவியில் வைக்கவே மாட்டார்களாம். "எல்லாத்துக்கும் ஒரே சூடு குடுத்தா துணி செத்துடும்மா" என்பார் ஆயா.

ஜெர்மனியில் ஹென்கெல் கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியல் பொறியாளர் 1959-இல் சலவையை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். சூடு, ரசாயனம், அடி, நேரம் என்று நாலு பங்கு. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆவி, உவர்மண், கல், ராத்திரி. நாலும் எங்கள் ஆயா வீட்டுப் பின்புறத்தில் இருந்தது. படித்தவர் வரைந்த வட்டத்துக்குள் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நின்று உழைத்திருக்கிறார்கள்.

மெஷினில் சூடு வைக்கும் எண்ணைப் பார்க்கும்போது நான் இந்த நாலையும்தான் நினைத்துக்கொள்கிறேன். குளிர்நாட்டுக்காரர்கள் பச்சைத் தண்ணீர் என்று சொல்வது பத்துப் பதினைந்து டிகிரி. எங்கள் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் சாதாரண நாளிலேயே 28, 30 இருக்கும். மே மாத மத்தியானம் குழாயைத் திறந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதாவது அவர்கள் ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்குக் கொண்டுவரும் தண்ணீர் நமக்கு வெயில் கொடுக்கிற இலவசம். தினசரி வியர்வைத் துணி, ஆபீஸ் சுடிதார், கலர் துணி எல்லாவற்றுக்கும் அதுவே போதும். பவுடரில் இருக்கும் என்சைம்கள் 30, 40 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். சோற்றுக் கறை, பால், குழம்பு, ரத்தம் இதையெல்லாம் துண்டு துண்டாக அறுத்துத் தண்ணீரில் கரைய வைப்பவை அவைதான். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1913-லேயே என்சைமைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். புரதத்தை அறுக்கும் என்சைமுக்குப் பட்டும் கம்பளியும் புரதம்தான் என்பதை மறக்கக் கூடாது. பட்டுப் புடவையை இந்தப் பவுடரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

40 டிகிரி வைப்பது வீட்டுக்காரரின் வேலைத் துணிக்கும் அத்தையின் தலையணை உறைக்கும். கிரீஸ் சூட்டில்தான் இளகும். 60 டிகிரி மூன்றுக்கு மட்டும்: துண்டு, படுக்கை விரிப்பு, வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அவர்கள் துணி. தூசிப் பூச்சி என்று சொல்வார்களே, தும்மலும் மூச்சிரைப்பும் கொண்டுவருவது, அது பச்சைத் தண்ணீரில் சாகாது. 60 டிகிரியில் சாகும். பையனுக்குக் காலையில் வரும் அடுக்குத் தும்மல், விரிப்புகளைப் பதினைந்து நாளுக்கொரு முறை 60-இல் துவைக்க ஆரம்பித்த பிறகு நன்றாகவே குறைந்தது.

கரண்ட் பில்லை நினைத்துப் பலர் அந்தப் பொத்தானைத் தொடவே மாட்டார்கள். கணக்கு எழுதுகிறவள் என்பதால் அதையும் போட்டுப் பார்த்தேன். துவைக்கும் சுற்றுக்கு மெஷின் 15 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30-இலிருந்து 40-க்குச் சூடாக்க யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு ஆகும். 60-க்கு அரை யூனிட். துணியும் டிரம்மும் சூடாவதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். மாதத்துக்கு நாலு தடவை 60 வைத்தால் இரண்டு மூன்று யூனிட்தான் வரும். தினமும் எல்லாத் துணிக்கும் வைத்தால்தான் பில் ஏறும், துணியும் சீக்கிரம் நையும்.

டாப் லோடு வைத்திருப்பவர்களின் மெஷினில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது. மாடி வீட்டு அக்கா கீசரிலிருந்து வெந்நீர் பிடித்து ஒரேயடியாக ஊற்றுவார். அப்படி ஊற்றினால் என்சைம் வேலை தொடங்கும் முன்பே செத்துவிடலாம். ஃப்ரன்ட் லோடில் தண்ணீர் மெதுவாகச் சூடேறுவதால் 60 போகும் வழியில் என்சைமுக்கும் அதன் நேரம் கிடைத்துவிடுகிறது. அக்காவிடம், முதலில் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் பவுடரோடு ஊற வைத்துவிட்டு அப்புறம் வெந்நீர் சேருங்கள் என்றேன். அவர் வீட்டு விரிப்புகள் இப்போது எங்கள் வீட்டு விரிப்புகளைவிட வெள்ளை.

எங்கள் வீட்டின் பெரிய சோதனை மீன் வாடை. கருவாடு காயும் தெருவில் வளர்ந்தவளுக்கு மீன் வாடை மேல் எந்த அருவருப்பும் இல்லை, ஆனால் அது பையனின் பள்ளிச் சட்டையில் ஏறக் கூடாது. ஆரம்பத்தில் வேலைச் சட்டையை நேரே பவுடரில் போட்டுச் சூடாக வைத்துத் துவைப்பேன். வாடை இன்னும் தூக்கலாக அடிக்கும். காரணம் பிறகு தெரிந்தது. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தில் கிளம்பும், புளிப்பில் அடங்கும். துணிப் பவுடர் காரம். மீன் கழுவிய கைக்கு எலுமிச்சைத் தோல் தேய்க்கிறோமே, துணிக்கு மட்டும் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். இப்போது வேலைச் சட்டையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி ரத்தத்தையும் செதிலையும் போக்குவேன். அப்புறம் அரை வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு இருபது நிமிடம் ஊற வைத்து, பிழிந்துவிட்டுத்தான் மெஷினில் 40 டிகிரி. ஒன்று மட்டும் கவனம். வினிகர் இருக்கும் வாளியில் பிளீச்சிங் பவுடரோ குளோரின் பிளீச்சோ சேரவே கூடாது, நச்சு வாயு வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துவைக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய.

ரத்தக் கறைக்கு எப்போதும் பச்சைத் தண்ணீர்தான் முதலில். மீன் ரத்தம் என்றாலும், பையன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும், நம் மாதவிடாய்த் துணி என்றாலும் அதேதான். நேரே வெந்நீரில் போட்டால் முட்டை வேகிற மாதிரி ரத்தம் நூலுக்குள்ளேயே வெந்து பிடித்துக்கொள்ளும். கறை போகவில்லை என்று இன்னும் சூடு ஏற்றினால் அவ்வளவுதான், நிரந்தரம்.

மஞ்சள் கறையில் நான் ஒரு முறை பயந்துபோனேன். சாம்பார் சிந்திய சட்டையில் சோப்பைத் தேய்த்ததும் சிவப்பாகிவிட்டது. சட்டையே போச்சு என்று உட்கார்ந்திருந்தபோது அத்தைதான், "ஆரத்தி கரைக்கிறப்போ மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்காதா? அதான்" என்றார். அதேதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அலசினால் திரும்ப மஞ்சளாகும். மிச்சம் இருக்கும் மஞ்சளுக்குச் சூடும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். ஈரத்தோடு வெயிலில் போட்டால் இரண்டே நாளில் வெளிறிவிடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு சாம்பார்க் கறைக்காக நான் பையனைத் திட்டுவதில்லை.

வெயில் இல்லாத நாட்களில்தான் கஷ்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்களுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை, துவைத்து முடித்த ஒரு சுற்றுத் துணி மெஷினுக்குள்ளேயே கிடந்தது. அந்த வாடையை மறக்க முடியாது. ஈரத் துணியின் அந்த நாற்றத்துக்குக் காரணமான கிருமியை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்று பெயர். துணி எவ்வளவு மெதுவாகக் காய்கிறதோ அவ்வளவுக்கு அது பெருகும். மழைக்காலத்தில் நான் பவுடரைக் கூட்டுவதில்லை. ஒரு தடவைக்குத் துணியைக் குறைத்து, சுற்றிப் பிழியும் வேகத்தைக் கூட்டி, கொடியில் இடைவெளி விட்டுப் போட்டு, ஃபேனைத் திருப்பிவிடுகிறேன். ஏற்கெனவே வாடை பிடித்த துண்டுக்கு ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட் ஒரு கரண்டி சேர்த்து 60 டிகிரி. அது தண்ணீரில் கரைந்தால் சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும்தான். உவர்மண்ணும் ஆவியும் வெயிலும் ஒரே டப்பியில் கிடைத்தாற்போல.

துண்டுக்கு வாசனைத் திரவம் ஊற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். அது நூலின் மேல் மெழுகு மாதிரி படர்வதால்தான் துணி மெத்தென்று இருக்கிறது, அதனாலேயே துண்டு தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. டிராயரில் பூப் படம் போட்ட குழி அந்தத் திரவத்துக்கு. II என்று போட்ட குழிதான் பவுடருக்கு. I முன்சலவைக்கு. இதைச் சொல்லக் காரணம், ஆறு மாதம் பூக்குழியில் பவுடர் போட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். பவுடர் கடைசி அலசலில் போய் விழுந்துகொண்டிருந்தது.

மெஷினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டி முடித்ததும் கதவைத் திறந்தே வைப்பேன், ரப்பர் மடிப்பைத் துணியால் துடைப்பேன். கீழே இருக்கும் வடிகட்டியை முதல் தடவை திறந்தபோது இரண்டு ரூபாய் நாணயமும் ஒரு ஹேர்பின்னும் கைப்பிடி மீன் செதிலும் வந்தது. போர் தண்ணீர் வீடுகளில் ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படியும், வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் பார்த்திருப்பீர்களே அதே படிவு. அதைக் கரைக்கும் பவுடரைக் கையேட்டில் சொன்னபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டு வெறும் மெஷினை ஓட்டுகிறேன்.

இதில் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தவர் அத்தை. நான் வேலைக்குப் போன பிறகு மெஷின் அவர் கையில். கிளாஸில் கோடு போட்டு வைத்தும், மனசு கேட்காமல் மேலே ஒரு கைப்பிடி தூவிவிடுவார். "நீ கஞ்சம் பண்ற, அழுக்கு எப்படிப் போவும்?" என்பார். நான் வாதாடவில்லை. ஒரு நாள் அவருடைய சொந்தத் தலையணை உறையையே, துவைத்துக் காய்ந்ததை, சோப்பில்லாமல் வெந்நீர் வாளியில் கசக்கச் சொன்னேன். நுரை வந்தது. கையை வாளிக்குள் வைத்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுலயா நான் தல வெச்சிப் படுக்கிறேன்?" என்றார்.

இன்று காலை அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, பால்கனியிலிருந்து கீழே எட்டிக் கூப்பிடுகிறார்.

"ஏம்மா ஓனரம்மா, இன்னிக்கு எந்தத் தண்ணிம்மா ஏத்துன?"

"போர் தண்ணிதாங்க்கா. மெட்ரோ நாளிக்குத்தான்."

அத்தை உள்ளே வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேல் கோடு வரைக்கும் பவுடரை நிரப்பினார். ஒரு சிட்டிகை கூடிவிட்டது. அதை எடுத்துப் பாக்கெட்டிலேயே திரும்பப் போட்டார்.